பிஜினெல்லி வினைக்கு இன்னொரு வினையூக்கி எதற்கு?

கரிமத் தொகுப்பு வேதியியலில் வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வகைத் தலைப்பு நன்கு பழகிப்போயிருக்கும். திறன்மிக்க, மீண்டும் பயன்படுத்தத்தக்க, பசுமையான ஒரு புதிய வினையூக்கியைக் கொண்டு, பிஜினெல்லி வினையின் விளைபொருள்களான டைஹைட்ரோபிரிமிடினோன்களை ஒரே குடுவையில் தயாரித்திருப்பதாக அந்தத் தலைப்பு அறிவிக்கும். வினையூக்கியின் பெயர் மட்டும் கட்டுரைக்குக் கட்டுரை மாறும்: ஒன்றில் இட்டெர்பியம் உப்பு, இன்னொன்றில் களிமண், வேறொன்றில் காந்த நுண்துகள், மற்றொன்றில் எலுமிச்சைச் சாறு. பல்கூறு வினைகளைக் கற்பிப்பதும் அவற்றில் மாணவர்களை வழிநடத்துவதும் என் அன்றாட வேலை என்பதால் இத்தகைய கட்டுரைகளை நான் அக்கறையோடு படிக்கிறேன். அவற்றில் சில உண்மையிலேயே நல்ல வேதியியல். ஆனால் ஒரு வினையூக்கி பசுமையானதா என்பதை அதன் பெயரையோ பிறப்பிடத்தையோ வைத்துத் தீர்மானிக்க முடியாது. அது இல்லாதபோது வினை எப்படி நடந்தது, அதைத் தயாரிக்க என்னென்ன செலவாயின, விளைபொருளைத் தூய்மையாக்க எவ்வளவு கரைப்பான் போனது ஆகிய மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே அதைச் சொல்ல முடியும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கருத்தைப் பிஜினெல்லி வினை என்ற ஒரே எடுத்துக்காட்டைப் பெரும்பாலும் பின்பற்றி இங்கே விளக்க விரும்புகிறேன்.

1891இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், ஹூகோ ஷிஃப்பின் ஆய்வகத்தில் பணியாற்றிய பியெத்ரோ பிஜினெல்லி, பென்சால்டிஹைடு, எத்தில் அசிட்டோஅசிட்டேட், யூரியா ஆகிய மூன்றையும் எத்தனாலில் கலந்து, சிறிதளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் கொதிக்கவைத்தார். கரைசல் ஆறியபோது படிகங்கள் வீழ்படிவாயின. இரண்டு நைட்ரஜன் அணுக்களைக் கொண்ட ஆறணு வளையமான டைஹைட்ரோபிரிமிடினோன்தான் அந்தப் படிகம். மூன்று தனித்தனிப் பொருள்கள், இடையில் எதையும் பிரித்தெடுக்காமல், ஒரே குடுவையில் ஒரே மூலக்கூறாகச் சேர்வதையே பல்கூறு வினை என்கிறோம். இவ்வகையில் இது முதலாவதன்று. 1850இல் ஸ்ட்ரெக்கர் அசிட்டால்டிஹைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு ஆகியவற்றிலிருந்து அலனின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரித்த வினையே பொதுவாகத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பிறகு ஹான்ஷ், பிஜினெல்லி, மானிக், பாஸரினி என்று வரிசை நீண்டு, 1959இல் உகியின் நான்கு கூறு வினை வந்தது.

பிஜினெல்லியின் படிகங்கள் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் பெரிய கவனத்தைப் பெறவில்லை. ஹான்ஷ் வினையில் கிடைக்கும் டைஹைட்ரோபிரிடின்களிலிருந்து நிஃபெடிபின் என்ற இரத்த அழுத்த மருந்து வந்த பிறகுதான், வடிவில் அவற்றை ஒத்த டைஹைட்ரோபிரிமிடின்களும் உயிரணுக்களுக்குள் கால்சியம் நுழையும் வழிகளைத் தடுக்கக்கூடுமோ என்று மருந்து வேதியியலாளர்கள் தேடத் தொடங்கினர். 1999இல் மோனாஸ்ட்ரால் என்ற மூலக்கூறு அறிவிக்கப்பட்டது. உயிரணு பிளவுறும்போது கதிர்க்கோலை இரு முனைகளாகப் பிரிக்கும் ஈஜி5 என்ற இயக்கப் புரதத்தைத் தடுக்கும் இந்த மூலக்கூறு, 3-ஹைட்ராக்சிபென்சால்டிஹைடு, எத்தில் அசிட்டோஅசிட்டேட், தயோயூரியா ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாகும் நேரடியான பிஜினெல்லி விளைபொருள். அதன் பிறகு இந்த வினையைப் பற்றிய கட்டுரைகள் பெருகியதில் வியப்பில்லை.

அடிப்படைக் கணக்கிலேயே இந்த வினை சிக்கனமானது. வினைபடுபொருள்களின் எடையில் எவ்வளவு பங்கு விளைபொருளில் சேர்கிறது என்பதைச் சொல்லும் அணுச் சிக்கனம் என்ற அளவுகோலை 1991இல் பாரி டிராஸ்ட் முன்வைத்தார்; அதை இதற்குப் பொருத்திப் பார்க்கலாம். பென்சால்டிஹைடின் மூலக்கூறு எடை 106, எத்தில் அசிட்டோஅசிட்டேட்டின் எடை 130, யூரியாவின் எடை 60, மொத்தம் 296. விளைபொருளின் எடை 260. இழக்கப்படுவது இரண்டு நீர் மூலக்கூறுகள் மட்டுமே என்பதால் அணுச் சிக்கனம் 88 சதவீதத்தை நெருங்குகிறது. வெளியேறும் பொருளும் நீர்தான். பாதுகாப்புத் தொகுதி, படிப்படியான பிரித்தெடுப்பு என எதுவும் இல்லாமல் இத்தகைய கணக்கைக் கொடுக்கும் வினைகள் கரிமத் தொகுப்பில் மிகவும் குறைவு. ஆகவே, வினையூக்கியை மாற்றி இந்த வினையைப் பசுமையாக்கினோம் என்று ஒருவர் சொல்லும்போது, ஏற்கெனவே இவ்வளவு சிக்கனமான வினையில் கழிவு எங்கிருந்து வருகிறது என்பதை அவர் முதலில் காட்ட வேண்டும்.

வினையூக்கியின் தேவை எங்கே எழுகிறது என்பதற்கு வினைவழிமுறையில் விடை உள்ளது. 1973இல் ஸ்வீட், ஃபிஸெகிஸ் இருவரும் ஆல்டிஹைடும் அசிட்டோஅசிட்டேட்டும் முதலில் இணைவதாகக் கருதினர். 1997இல் ஆலிவர் கப்பே இந்தச் சிக்கலை மறுபடியும் ஆராய்ந்து, அமில ஊடகத்தில் முதலில் நிகழ்வது ஆல்டிஹைடுக்கும் யூரியாவுக்கும் இடையிலான சேர்க்கையே என்றும், அதிலிருந்து நீர் நீங்கி உருவாகும் என்-அசைல்இமினியம் அயனியை அசிட்டோஅசிட்டேட்டின் ஈனால் வடிவம் தாக்குகிறது என்றும் சான்றுகளுடன் காட்டினார். பிறகு வளையம் மூடி, இரண்டாவது நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. இவற்றில் மெதுவானது அந்த அயனி உருவாகும் படி. ஆல்டிஹைடின் கார்பனைலைத் தூண்டவும், நீரை வெளியேற்றவும், உருவான அயனியை நிலைப்படுத்தவும் ஓர் அமிலம் தேவைப்படுகிறது. அது புரோட்டானைத் தரும் அமிலமாகவும் இருக்கலாம், எலக்ட்ரான் இணையை ஏற்கும் லூயி அமிலமாகவும் இருக்கலாம். இதனால்தான் வேதியியல் கிடங்கில் கிடைக்கும் எந்த அமிலத்தை எடுத்துப் போட்டாலும் இந்த வினை ஓரளவு நடந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான வினையூக்கிகள் அறிவிக்கப்பட்டிருப்பதற்கு இந்த எளிமையே முதற்காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பழைய முறையில் குறை இல்லாமல் இல்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் எத்தனாலும் கொண்ட மூல முறை, பென்சால்டிஹைடு போன்ற எளிய ஆல்டிஹைடுகளுக்கு நன்றாக நடந்தாலும், பென்சீன் வளையத்தோடு இணையாத அலிபாட்டிக் ஆல்டிஹைடுகளுக்கும் சில பதிலீடு பெற்ற அரோமாட்டிக் ஆல்டிஹைடுகளுக்கும் 20 முதல் 50 சதவீதம் வரையிலான விளைச்சலையே தந்தது. பாதி வினைபடுபொருள் வீணாகும் இடத்தில் அணுச் சிக்கனம் காகிதத்தில் மட்டுமே இருக்கும். ஆகவே நல்ல வினையூக்கியைத் தேடியது நியாயமான முயற்சி.

அந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி லாந்தனைடு உப்புகளின் வருகை. அலுமினியம் குளோரைடு, டைட்டானியம் டெட்ராகுளோரைடு போன்ற பழைய லூயி அமிலங்கள் நீர் பட்டால் சிதைந்துவிடும். பிஜினெல்லி வினையோ ஒவ்வொரு விளைபொருள் மூலக்கூறுக்கும் இரண்டு நீர் மூலக்கூறுகளைத் தானே உருவாக்குகிறது. ஆக, அத்தகைய அமிலங்களை வினையூக்கி அளவில் அல்லாமல் பெருமளவில் போட வேண்டியிருக்கும். 1991இல் ஜப்பானின் ஷூ கோபயாஷி, லாந்தனைடு டிரைஃபிளேட்டுகள் நீரிலேயே கரைந்து நின்று லூயி அமிலமாகச் செயல்படுவதைக் காட்டினார். 2000இல் இட்டெர்பியம் டிரைஃபிளேட் பிஜினெல்லி வினைக்குக் கொண்டுவரப்பட்டபோது, கரைப்பான் இல்லாமல், உயர்ந்த விளைச்சலுடன் வினை நடந்தது. நீர்ப் பகுதியிலிருந்து உப்பை மீட்டு மறுபடியும் பயன்படுத்தவும் முடிந்தது. வினையின் இயல்பை அறிந்து அதற்கேற்ற வினையூக்கியைத் தேர்ந்தெடுப்பது என்றால் இதுதான். இருந்தாலும் இதற்கும் ஒரு விலை உண்டு. இட்டெர்பியம் அருமண் தனிமம்; அதைப் பிற லாந்தனைடுகளிலிருந்து பிரித்தெடுப்பதே அமிலமும் கரைப்பானும் பெருமளவில் செலவாகும் தொழில். டிரைஃபிளேட் அயனி ஃபுளோரின் செறிந்தது, நீர்நிலைகளில் எளிதில் சிதையாதது. மீட்புத் திறன் 100 சதவீதத்திற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே இங்கு முக்கியமான எண்.

திண்ம அமிலங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நல்லதும் தேவையற்றதும் ஒரே பெயரின் கீழ் இங்குதான் அதிகம் கலந்திருக்கின்றன. 1999இல் இத்தாலியின் பார்மா நகர ஆய்வாளர்கள், மான்ட்மொரில்லோனைட் கேஎஸ்எஃப் என்ற அமிலக் களிமண்ணைக் கொண்டு, கரைப்பான் ஏதுமின்றி இந்த வினையை நடத்தினர். இது விலை குறைந்தது, கடையில் வாங்கக்கூடியது. களிமண்ணை வடிகட்டிப் பிரித்துவிடலாம். பயன்படுத்துவதற்கு முன் அதற்கெனத் தனியே ஒரு தொகுப்பு நடத்த வேண்டிய தேவை இல்லை. சல்ஃபோனிக் அமிலத் தொகுதி கொண்ட ஆம்பர்லிஸ்ட்-15 போன்ற அயனிப் பரிமாற்றப் பிசின்களையும் இதே வரிசையில் வைக்கலாம். அவை தொழிற்சாலைகளில் ஏற்கெனவே டன் கணக்கில் புழங்குபவை.

இதனோடு, இரும்பு ஆக்சைடு உட்கருவின் மேல் சிலிக்கா உறை, அதன் மேல் சல்ஃபோனிக் அமிலம் என்று அடுக்கடுக்காகக் கட்டப்படும் காந்த நுண்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபெரஸ், ஃபெரிக் குளோரைடு உப்புகளை அம்மோனியாவால் வீழ்படிவாக்க வேண்டும். பலமுறை கழுவ வேண்டும். எத்தனாலில் மிதக்கவிட்டு டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட் சேர்த்துப் பல மணி நேரம் கலக்க வேண்டும். மறுபடி கழுவி உலர்த்திய பிறகு, டைகுளோரோமீத்தேனில் வைத்துக் குளோரோசல்ஃபோனிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அப்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். பிறகும் கழுவல், உலர்த்தல். வினை முடிந்ததும் வெளியே ஒரு காந்தத்தை வைத்தால் துகள்கள் குடுவைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் அழகை நானும் இரசிக்கிறேன். மாணவர்களுக்குக் காட்ட அதைவிடச் சிறந்த செயல்விளக்கம் இல்லை. ஆனால் வடிதாளில் நொடிப்பொழுதில் பிரிந்துவிடும் களிமண்ணின் இடத்தில், குளோரோசல்ஃபோனிக் அமிலமும் டைகுளோரோமீத்தேனும் செலவழித்துக் கட்டிய ஒரு பொருளை வைத்துவிட்டு, வடிகட்டும் வேலை மிச்சமானது என்பதற்காக அதைப் பசுமை என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கழிவு வினையூக்கித் தயாரிப்புப் பகுதியில் இருப்பதால் வினையின் கணக்கில் வராமல் போகிறது, அவ்வளவுதான்.

மறுபயன்பாட்டைப் பற்றிய சான்றுகளையும் கூர்ந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான கட்டுரைகளில் ஐந்து அல்லது ஆறு சுற்றுகளுக்கான ஒரு பட்டை வரைபடம் இருக்கும். விளைச்சல் 95, 94, 94, 92, 91 என மெல்ல இறங்கும். அந்த எண்கள் வினை முழுமையடையும் வரை காத்திருந்து எடுக்கப்பட்டவை என்றால், அவை வினையூக்கியின் உயிர்ப்பைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கின்றன. 20 நிமிடத்தில் முடியும் வினையை 2 மணி நேரம் ஓடவிட்டால், வினையூக்கியின் முக்கால் பங்கு செத்துப்போயிருந்தாலும் விளைச்சல் குறையாது. பாதி வினை முடிந்த நிலையில் ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை அளந்தால்தான் உண்மை தெரியும். அதேபோல், வினை நடந்துகொண்டிருக்கும்போதே சூடு ஆறாமல் வடிகட்டித் திண்மத்தை நீக்கிவிட்டு, வடிநீரில் வினை தொடர்கிறதா என்று பார்க்கும் சோதனையைச் செய்தாக வேண்டும். தொடர்ந்தால், வேலை செய்தது திண்மம் அல்ல. அதிலிருந்து கசிந்து கரைந்த அமிலம். சிலிக்காவின் மேல் ஆக்சிஜன் வழியாகப் பிணைக்கப்பட்ட சல்ஃபோனிக் தொகுதியை நீர் அறுத்துவிடக்கூடும். இந்த வினையோ நீரை உருவாக்கும் வினை. கசிந்த கந்தக அமிலமே வேலையைச் செய்கிறது என்றால், ஒரு துளி கந்தக அமிலத்தை நேரடியாகச் சேர்ப்பதே சிக்கனம்.

இன்னொரு எளிய கணக்கு உண்டு. 10 மோல் சதவீத வினையூக்கியும், அதாவது வினைபடுபொருளின் 100 மூலக்கூறுகளுக்கு 10 வினையூக்கி மையங்களும், 90 சதவீத விளைச்சலும் என்றால், ஒவ்வொரு வினையூக்கி மையமும் ஒரு சுற்றில் 9 மூலக்கூறுகளையே உருவாக்கியிருக்கிறது. ஐந்து சுற்றுகளுக்குப் பிறகும் அது 45ஐத் தாண்டாது. தொழில்துறை வினையூக்கத்தின் அளவுகளோடு வைத்துப் பார்த்தால் இது மிகச் சிறிய எண். இந்த எண்ணை ஆசிரியர்கள் தாங்களே கட்டுரையில் எழுதினால் வாசகருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

குறைந்த வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்புகளான அயனித் திரவங்களைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். அவை ஆவியாகாதவை என்ற ஒரு பண்பை வைத்துப் பசுமை என்று முத்திரை பெற்றவை. டெட்ராஃபுளோரோபோரேட், ஹெக்சாஃபுளோரோஃபாஸ்பேட் அயனிகளைக் கொண்டவை நீருடன் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடைத் தரக்கூடும். அப்படியானால் உண்மையான வினையூக்கி எது என்ற கேள்வியும் எழுகிறது. பழச்சாறுகளைப் பற்றி எனக்கு வேறு விதமான தயக்கம். எலுமிச்சைச் சாற்றில் 5 முதல் 6 சதவீதம் வரை சிட்ரிக் அமிலம் உள்ளது. வினையை நடத்துவது பெரும்பாலும் அதுவே. சாற்றின் செறிவு பழத்துக்குப் பழம், பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், இன்னொரு ஆய்வகத்தில் அதே முடிவைப் பெறுவது கடினம். சிட்ரிக் அமிலப் படிகம் எங்கும் மலிவாகக் கிடைக்கிறது; எடைபோட்டுச் சேர்க்கலாம். 2007இல் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ரொட்டிக்கான ஈஸ்ட்டைக் கொண்டு அறை வெப்பநிலையில் இந்த வினையை நடத்திக் காட்டியது இதைவிடச் சுவையான வேதியியல். கொதிக்கவைக்கும் ஆற்றல் அங்கே தேவைப்படவில்லை.

இப்போது வினையூக்கியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வருகிறேன். 2002இல் கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் பிருந்தாவன் ராணுவும் அவருடைய குழுவினரும், மூன்று வினைபடுபொருள்களையும் கரைப்பானும் வினையூக்கியும் இல்லாமல் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் கலக்கியே டைஹைட்ரோபிரிமிடினோன்களை நல்ல விளைச்சலில் பெற்றதாக அறிவித்தனர். அதுவரை வெளிவந்த வினையூக்கிகளுக்கு அந்தக் கட்டுரை ஒரு நேரடியான சவால். 2014இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள், வினையூக்கி இல்லாத பிஜினெல்லி வினை குறித்த உண்மைகளையும் ஊகங்களையும் கட்டுக்கதைகளையும் பிரித்துக் காட்டும் நோக்கில் ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டு, வினையூக்கத்திற்கும் கரைப்பானுக்கும் இந்த வினையில் இன்றியமையாத பங்கு உண்டு என்று வாதிட்டனர். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. சூடாக்கினால் எளிய ஆல்டிஹைடுகள் வினைபுரியும். ஆனால் பரந்த வகை ஆல்டிஹைடுகளுக்கு, மிதமான வெப்பநிலையில், நம்பகமான வேகத்தில் நடக்க வேண்டும் என்றால் வினையூக்கி தேவை.

இந்த விவாதத்தில் எளிதில் விடுபட்டுப்போகும் ஒரு நுணுக்கத்தை நான் மாணவர்களிடம் எப்போதும் வலியுறுத்துவேன். பென்சால்டிஹைடு காற்றுப் பட்டாலே ஆக்சிஜனேற்றம் அடைந்து பென்சாயிக் அமிலமாக மாறும். பழைய புட்டியின் மூடியைச் சுற்றிப் படியும் வெண்ணிறப் படிகம் அதுதான். அந்தப் புட்டியிலிருந்து எடுத்த ஆல்டிஹைடைக் கொண்டு செய்த வினையை வினையூக்கி இல்லாதது என்று அழைக்க முடியாது. அழைக்கப்படாமலே ஓர் அமிலம் உள்ளே வந்திருக்கிறது. புதிதாகக் காய்ச்சி வடித்த ஆல்டிஹைடுடன், அதே வெப்பநிலையில், அதே நேரத்துக்கு, வினையூக்கி இல்லாமல் நடத்திய ஒப்பீட்டுச் சோதனை இல்லாத கட்டுரையில் வினையூக்கியின் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

வினையூக்கியைவிடப் பெரிய கழிவு இருக்குமிடம் வேறு. 1992இல் ரோஜர் ஷெல்டன் முன்வைத்த ஈ-காரணி, ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்தனை கிலோ கழிவு உண்டாகிறது என்பதை அளக்கிறது. பெட்ரோலியச் சுத்திகரிப்பில் அது 0.1ஐ ஒட்டி இருக்கும். மருந்துத் துறையில் 25 முதல் 100க்கு மேலும் போகும். ஆய்வக அளவில் 10 மில்லிமோல் பிஜினெல்லி வினையை எடுத்துக்கொள்வோம். பென்சால்டிஹைடு 1.06 கிராம், எத்தில் அசிட்டோஅசிட்டேட் 1.30 கிராம், சற்று மிகுதியாக எடுத்த யூரியா 0.90 கிராம், மொத்தம் 3.26 கிராம். 90 சதவீத விளைச்சலில் கிடைப்பது 2.34 கிராம். வினையிலிருந்து வரும் கழிவு 1 கிராமுக்கும் குறைவு, ஈ-காரணி 0.4 அளவுதான். விளைபொருளை 20 மில்லிலிட்டர் எத்தனாலில் மறுபடிகமாக்கினால், அந்த எத்தனாலை மீட்காவிட்டாலும், காரணி 7ஐ ஒட்டி நிற்கும். அதையே 60 கிராம் சிலிக்கா ஜெல் நிரப்பிய வண்ணப்பிரிகைக் குழாயில் ஏற்றி, எத்தில் அசிட்டேட்டும் ஹெக்சேனும் கலந்த 300 மில்லிலிட்டர் கரைப்பானால் இறக்கினால், காரணி ஏறக்குறைய 120 ஆகிவிடும். இந்த இரண்டு எண்களுக்கும் முன்னால், வினையூக்கி 50 மில்லிகிராம் போனதா 100 மில்லிகிராம் போனதா என்ற வேறுபாடு கண்ணுக்கே தெரியாது.

அதனால்தான், விளைபொருள் தானே படிகமாகப் பிரியும்படி வினையை முடித்துத் தரும் வினையூக்கியே என் பார்வையில் சிறந்தது. 95 சதவீத விளைச்சலுக்குப் பதில் 88 சதவீதம் தந்தாலும், துணைவிளைபொருள் இல்லாமல், வடிகட்டிக் குளிர்ந்த நீரால் கழுவினால் போதும் என்ற நிலையில் விளைபொருளைத் தருமானால், ஆறு ஆண்டுகள் ஆய்வு செய்து கட்டிய நுண்துகளைவிட அதற்கே என் வாக்கு. மிகுதியான யூரியா நீரில் கரைந்து போய்விடும். விளைபொருள் நீரில் கரையாது. பிஜினெல்லி வினை இந்த வசதியை இயல்பாகவே தருகிறது. வண்ணப்பிரிகைக்குப் போகாமல் முடிக்கக்கூடிய வினையை, பழக்கத்தின் காரணமாக மட்டும் வண்ணப்பிரிகைக்கு அனுப்பும் செய்முறைக் குறிப்புகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

வினையூக்கி இல்லாமல் ஒன்றுமே நடக்காத பல்கூறு வினைகளும் உண்டு. அங்கே வினையூக்கியைத் தேடுவதன் பொருளே வேறு. ஆல்டிஹைடு, அமின், ஆல்கைன் மூன்றும் சேர்ந்து புரோபார்ஜில்அமினைத் தரும் ஏ-கியூப் இணைப்பு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பென்சால்டிஹைடு, பிப்பெரிடின், ஃபினைல்அசிட்டிலீன் ஆகியவற்றின் மொத்த எடை 293, விளைபொருள் 275, அணுச் சிக்கனம் 94 சதவீதம், வெளியேறுவது ஒரே ஒரு நீர் மூலக்கூறு. ஆனால் ஆல்கைனின் முனையில் உள்ள கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பைத் தூண்ட ஓர் உலோகம் தேவை. 2002இல் சாவ்-ஜுன் லீயின் குழு ருத்தேனியமும் செம்பும் சேர்ந்த வினையூக்கியையும், 2003இல் நீரில் இயங்கும் தங்க உப்பையும் அறிவித்தது. தங்கம் மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்தது உண்மை. என்றாலும், ஒரு கிராம் தங்கத்துக்காகத் தோண்டப்படும் பாறையின் அளவையும் அதைப் பிரிக்கப் பயன்படும் சயனைடையும் கருதினால், செம்பு உப்பை வைத்தே இந்த வினையைச் செம்மைப்படுத்துவதை நான் விரும்புகிறேன். இரும்பு உப்புகளும் இங்கே பயன்படுத்தப்பட்டுள்ளன. அவற்றில் ஓர் எச்சரிக்கை தேவை. சில இணைப்பு வினைகளில் இரும்பு குளோரைடின் செயலாகக் கருதப்பட்டது அதில் மாசாக இருந்த மிகச் சிறிதளவு செம்பின் செயலாக இருக்கக்கூடும் என்பதை 2009இல் புக்வால்டும் போல்மும் எடுத்துக்காட்டினர். உப்பின் தூய்மையை அளந்து எழுதாமல் மலிவான உலோகத்தின் பெருமையைப் பேச இயலாது.

இதற்கு நேர் எதிராக, 2004இல் பிர்ரங், தாஸ் சர்மா இருவரும் பாஸரினி, உகி வினைகள் நீரில் கரிமக் கரைப்பானைவிடப் பெரிதும் விரைவாக நடப்பதைக் காட்டினார்கள். அங்கே வினையூக்கி எதுவும் சேர்க்கப்படவில்லை. ஊடகத்தை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

பிஜினெல்லி வினைக்கே திரும்பினால், வினையூக்கி ஆய்வு இன்னும் உயிரோடு இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டைஹைட்ரோபிரிமிடினோன் வளையத்தின் நான்காம் இடத்தில் உள்ள கார்பன் சீர்மையற்றது. ஆகவே ஒவ்வொரு விளைபொருளும் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் உருவாகிறது. உடலுக்குள் இரண்டும் ஒரே மாதிரி செயல்படுவதில்லை. மோனாஸ்ட்ராலிலும் ஒரு வடிவம் மற்றதைவிட வலிமை மிக்கது. களிமண்ணும் எலுமிச்சைச் சாறும் வெறும் சூடும் தருவது இரண்டும் சரிபாதியாகக் கலந்த கலவையையே. அதில் தேவையற்ற பாதியைப் பிரித்து எறிந்தால், 88 சதவீத அணுச் சிக்கனம் 44ஆகக் குறைந்துவிடுகிறது. பிரிப்பதற்கான கரைப்பான் செலவு தனி. 2005இல் செங்ஜியான் ஜூவின் குழு, தன் ஆடிப் பிம்பத்தோடு பொருந்தாத, அதாவது கைரலான, ஈனி (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு) பிணைந்த இட்டெர்பியம் அணைவுச் சேர்மத்தாலும், 2006இல் லியூ-ஜூ கோங்கின் குழு கைரல் ஃபாஸ்பாரிக் அமிலத்தாலும் ஒரு வடிவத்தைப் பெருமளவில் தேர்ந்து உருவாக்கிக் காட்டின. இங்கே வினையூக்கி செய்யும் வேலையை வெப்பமோ கரைப்பானோ நுண்ணலையோ செய்யவே முடியாது.

இந்த வினையூக்கிகளும் இன்னும் பசுமையானவை அல்ல. கோங்கின் குழு பயன்படுத்திய வகையைச் சேர்ந்த கைரல் ஃபாஸ்பாரிக் அமிலம் ஒன்றின் மூலக்கூறு எடை 500 அளவில் இருக்கும். அதை 10 மோல் சதவீதம் சேர்ப்பதாகக் கொண்டால், மேலே சொன்ன 10 மில்லிமோல் வினைக்கு அரை கிராம் வேண்டும், 2.34 கிராம் விளைபொருளுக்கு அரை கிராம் வினையூக்கி, அதுவும் பல படிகளில் தயாரிக்கப்பட்டது. மீட்பும் மறுபயன்பாடும் உண்மையான பொருள் பெறுவது இங்கேதான். நுண்துகளையும் பாலிமரையும் கட்டுவதற்குச் செலவழிக்கும் உழைப்பை, எந்த எளிய அமிலத்தாலும் நடந்துவிடும் சாதாரண வினையில் அல்லாமல், இந்தக் கைரல் அமிலத்தைத் தாங்கிப் பிடித்து, கசியவிடாமல், நூறு சுற்றுகள் ஓடவைக்கும் முயற்சியில் செலவழிக்கலாம். வினையூக்கியின் அளவை 10 மோல் சதவீதத்திலிருந்து 1க்குக் கீழே இறக்குவது, குளோரின் கொண்ட கரைப்பான்களுக்குப் பதிலாக எத்தில் அசிட்டேட்டிலோ எத்தனாலிலோ, ஒரு வடிவத்தை மட்டும் உருவாக்கும் தேர்வுத்திறன் குறையாமல் நடத்துவது, அலிபாட்டிக் ஆல்டிஹைடுகளிலும் அதே தேர்வுத்திறனைக் காப்பது ஆகிய மூன்றும் இன்னும் முழுமையாகத் தீராத சிக்கல்கள். ஆய்வைத் தொடங்கவிருக்கும் மாணவர்கள் தலைப்புக் கேட்டு வரும்போது நான் காட்டுவது இவற்றைத்தான். அதற்கு இரு வடிவங்களையும் பிரித்து அளக்கும் கைரல் தூண்களைக் கொண்ட எச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை) கருவி வேண்டும், பொறுமையும் வேண்டும். களிமண்ணை மாற்றி மாற்றிப் போட்டு விளைச்சலை அட்டவணையிடுவதைவிட இது பல மடங்கு கடினம் என்பதையும் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறேன்.